கபர்ஸ்தான் ஓரத்துப் பூங்கா

12-8-2004
பொதுப்பணித்துறை ஆபீசுக்கு இன்று மூன்றாவது நடை. இன்ஜினியர் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், பார்க்குன்னு சொல்லிட்டு வெறும் புல்லு பூண்டா வரைஞ்சிருக்கீங்க? ஒரு செவரு, ஒரு ஃபவுண்டன் வேணாமா?" என்றார். பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான்.

பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் கடலோரப் பூங்காக்களுக்குக் கண்டல் மரம் நட்டவன் நான். அலை சுவரைப் பெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். செடி நின்ற கரை அசையாததையும் பார்த்திருக்கிறேன். கண்டல் உப்புத்தண்ணி மரம், எங்கள் வெள்ளாற்றுக்கு ஆகாது. வெட்டிவேர், நொச்சி, நாணல் போதும். கரையைச் சரிவாக்கி நட்டு, மேலே நடைபாதை, நாலு பெஞ்சு. மழைக்கு மழை ஆறு கபர்ஸ்தானை அரிக்கிறது. என் அத்தாவை அடக்கம் செய்த கபுருக்கும் கரைக்கும் இடையே ஒன்பதே அடி. இதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?

20-9-2004
போங்கடா. நானே நடுகிறேன். என் மனைவி குல்சுமின் அண்ணன் அப்துல் லத்தீப்தான் பள்ளிவாசல் செயலாளர். ஜமாத்தில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பண்ணுங்க மாப்ள" என்றார்.

7-7-2005
வெட்டிவேர் இடுப்பளவு!

2-11-2005
நாற்றுக்காக வேப்பந்தட்டை போய் இரண்டு நாள் கழித்து வருகிறேன் — கரை மொட்டை. ஒரு தூர் இல்லை. யா அல்லாஹ்!

லத்தீப் மச்சான் மண்வெட்டியோடு சிரித்த முகமாக நிற்கிறார். "பெருநாளைக்கு ஜனங்க கபுரு பாக்க வருமே மாப்ள. ஒரே பொதரா கெடந்துச்சு. உங்க அத்தா கபுரு ஓரத்துல நானே நின்னு வேரோட தோண்ட வெச்சேன்."

நோன்பு வாயோடு என்னென்ன சொன்னேனோ. எழுதக் கூசுகிறது. ஆனா ஆத்திரம் அடங்கலையே!

3-11-2005
குல்சும் கேட்டாள்: "ஆபீசுக்கு மூணு தடவ தூக்கிட்டுப் போனீங்க. எங்கண்ணனுக்கு ஒரு தடவ அந்தப் படத்தக் காட்டுனீங்களா?"

காட்டவில்லை.

24-11-2005
வெள்ளத்தில் கரை, தோண்டிய இடத்தில்தான் சரிந்தது. கபுரோடு ஆற்றில் அத்தா ரெண்டாவது தடவையும் போயிட்டார்.

28-11-2005
இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். "பாத்தீங்களா பாய்? செடியெல்லாம் தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" ஓங்கி ஒன்று விட்டிருப்பேன்.

லத்தீப் மச்சான் முன்னால் வந்தார். "செடி நல்லாத்தான் சார் நின்னுச்சு. நாந்தான் புடுங்குனேன்." ஊரே சுற்றி நின்றது. அதுக்கு மேல் எனக்குத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை.

22-10-2006
பெருநாளுக்கு முன் கபர்ஸ்தான் சுத்தம்; கரையில் மறுபடி நட்ட செடிகள் நிற்கின்றன. என் வரைபடத்தை மச்சான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆட்களுக்கு விளக்கினார். "இது வெட்டிவேரு. இதத் தொட்டவன் கைய ஒடிப்பேன்." நான் திருத்தவில்லை, விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார்.

வேலை முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக் கபுருக்குப் போனார்கள். நானும் மச்சானும் தண்ணீரைப் பார்த்து நின்று அத்தாவுக்குச் சலாம் சொன்னோம்.