நான் சொருகிய இரண்டு ஒயர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை மருந்தகத்தில் ஒயர் சொருகும் நெட்வொர்க் போர்ட் ஒன்று தானாக மூடிக்கொண்டது. யாரோ வீட்டிலிருந்து, ஒரு லைனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டியைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். அணைந்து கிடந்த சின்ன விளக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், சொல்லிச் சிரிக்க நீங்கள் உயிரோடு இல்லையே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இதே ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தபோது அடித்த கூத்தும் இதேதான். இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போர்ட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போளூரில் பழைய சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் மலையூரில் மழைக்காலத்தில் எந்த ஒயர் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. எதையும் இரண்டாகக் கட்டித்தான் மலைக்காரர்களுக்குப் பழக்கம். முன்கட்டடத்துப் போர்ட்டில் ஒரு ஒயர், பின்கட்டடத்துப் போர்ட்டில் இன்னொன்று என்று கெட்டிக்காரத்தனமாகச் சொருகினேன். அரைமணியில் ஆஸ்பத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர்கள் திக்கித் திணறின. சீட்டு வாங்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டியது. "எவன் கைய வச்சான்னு தெரிஞ்சா இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் கண்காணிப்பாளர். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் என் மேஜைக்கடியில் குனிந்தீர்கள்.

"இன்னாங்க இது, ரெண்டு ஒயரு?"

சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவராக வைத்துக்கொண்டுதான் எந்த வழியைத் திறப்பது, எதை அடைப்பது என்று முடிவுசெய்யுமாம். "நம்பர் சின்னதா இருந்தா அதான் தலைவர். உங்க பழசுக்கு நம்பர் சின்னது. யாரு எவருன்னு கேக்காம எல்லாம் அதுக்குத் தலையாட்டிடுச்சு. இப்ப ரெண்டு கட்டடத்துப் பேச்சும் இந்தப் பழசு வழியாத்தான் போவுது, அதால தாங்க முடியல" என்றீர்கள். அன்றைக்கே மேஜையோரப் போர்ட்டுகளுக்கெல்லாம் காவல் வைத்தீர்கள்: அங்கே கம்ப்யூட்டர் பேசலாம், சுவிட்ச் வாய் திறந்தால் போர்ட் மூடிக்கொள்ளும். "இப்ப சொருகுங்க, பாப்போம்" என்று என்னையே சொருகவைத்தீர்கள். விளக்கு அணைந்தது, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"காவல் போடாம வுட்டது என் தப்புங்க" என்று கண்காணிப்பாளரிடம் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் காரியத்துக்குக் கணியம்பாடி வந்தபோது கண்காணிப்பாளரும் வந்திருந்தார். பொறுக்கமாட்டாமல், "அன்னிக்குச் சொருகினது நான்தாங்க" என்றேன்.

"தெரியும்ப்பா. உன் நண்பரே அன்னிக்குச் சாயங்காலம் வந்து சொல்லிட்டாரு. 'அவரு போர்ட் கேட்டாரு, நான்தான் குடுக்கல, அவரை அனுப்பாதீங்க'ன்னு ஒரே புடியா நின்னாரு. உங்கிட்ட சொல்லவேணாம்னாரு."

பந்தியில் உட்காராமல் வெளியே போய் அழுதேன்.

உங்கள் வேலை இப்போது என் கையில் இருக்கிறது. போர்ட் மூடிக்கொண்டால், சொருகியது யார் என்று தேடுவதற்கு முன்னால், போர்ட் கேட்டவர்களில் நான் யாருக்குத் தராமல் விட்டேன் என்று என் நோட்டைப் பார்க்கிறேன். மேலதிகாரிகளுக்கு எழுதும்போது அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.