ஒளித்து வைத்த செம்பு

ஜனவரி 19
ஆலியாவுக்கு மறுபடியும் காய்ச்சல். நான்கு மாதத்தில் மூன்றாவது தடவை. சளியும் இல்லை, இருமலும் இல்லை. கம்பெனியில் என்னோடு பேண்டேஜ் துணி மடிக்கும் செல்வலட்சுமி அக்கா, "ஏட்டி ரமீஜா, ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்துப் பாரு" என்றார். எரிச்சலாக வந்தது. ஆறு வயது வரை வளர்த்தவளுக்குத் தெரியாதா?

ஜனவரி 22
ஸ்ரீவில்லிபுத்தூர் லேபில் எடுத்தோம். கிருமி நிறைய. அக்கா சொன்னதுதான் சரி.

பிப்ரவரி 11
மதுரை ஆஸ்பத்திரி. மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீர் வெளியே வராமல் கிட்னிக்கே திரும்பி ஏறுகிறதாம். விட்டால் வலது கிட்னி கெட்டுவிடுமாம்.

"ராத்திரி தண்ணி குடிக்கிறாளா?" டாக்டரம்மா கேட்டார்.

படுக்கையை நனைக்கிறாள் என்று, சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைத்தவள் நான். ஆறு மாதமாக! சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"இது பிறவியிலேயே உள்ளதும்மா, உங்களால வரல. இனிமே தண்ணியக் குறைக்காதீங்க."

உங்களால வரல. ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு அழுதேன்.

மே 6
நாளை மதுரையில் ஆலியாவுக்கு ஆபரேஷன். கத்தி வைக்காமல் ஊசியாலேயே செய்வார்களாம். பையில் எங்கள் கம்பெனித் துணி இரண்டு சுருள் வைத்தேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். ஆபரேஷன் என்றால் கட்டுப் போட மாட்டார்களா?

மே 7
மயக்கம் கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே கேமரா விட்டு, அது திரும்பி ஏறும் இடத்தில் ஜெல் மாதிரி ஒன்றை ஊசியால் வைத்தார்கள். அரை மணி நேரம்கூட இல்லை. வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன் — ஒரு கீறல் இல்லை.

கண் விழித்த ஆலியா அழுதாள். "கட்டு எங்கம்மா? தெருவுல எல்லார்ட்டயும் காட்டுறேன்னு சொல்லிட்டேனே!"

நர்ஸ் தம்பி ஜெபின் என் சுருளை வாங்கி அவள் முழங்காலில் அழகாகக் கட்டிவிட்டார். அந்தப் பிள்ளை நல்லாயிருக்கணும்.

ஜூன் 30
காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 14
மறுபடி எக்ஸ்ரே. மேலே ஏறவே இல்லை! அல்ஹம்துலில்லாஹ். செல்வலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். "நல்ல சேதிதானட்டி, பொறவு ஏன் அழுற?" என்று அவரும் அழுதார்.

ராத்திரி ஆலியா சொன்னாள்: "செம்ப அரிசி டப்பாக்குப் பின்னாலதான வைப்ப? எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா எடுத்துக் குடிச்சிருக்கலாம்லா?"

"நீதான வேண்டாம்ன."

டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.