கொம்பு வீட்டில் காலைச் சாப்பாடு

பிப்ரவரி 20, 2025, வியாழன்

காலை முழுக்க "தலைக்கவசம் அணியாமல் தளத்துக்குள் நுழையாதீர்கள்" என்பதை அன்பாகவும் கண்டிப்பாகவும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அன்பாகச் சொன்னது வீடியோ கேட்ட கம்பெனிக்காரருக்குப் பிடிக்கவில்லை. வளைகுடாவில், இந்த அல் கூஸ் டப்பிங் ஸ்டுடியோவில் தமிழுக்கு நான் ஒருத்திதான். எழுதுவதும் நான், பேசுவதும் நான். கட்டட வேலைக்காரர்களுக்கான பாதுகாப்பு வீடியோ தவிர வேறு எதுவும் என் கைக்கு வந்ததில்லை. தொழிலாளர் கேம்ப்பில் என் குரலைக் கேட்டாலே டூட்டி ஞாபகம் வந்து ஆட்களுக்குக் கோபம் வருகிறதாம்.

மதியம் மேனேஜர் ரமி கூப்பிட்டார். துருக்கியில் ஓர் அனிமேஷன் காமெடித் தொடர். இஸ்தான்புல்லில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் பேசும் ஆட்டுக் குடும்பம். அதற்குத் தமிழ்க் குரல் வேண்டுமாம். முதல் எபிசோடை மாதிரிக்குச் செய்து அனுப்ப வேண்டும். சென்னையிலிருந்து ஒரு ஸ்டுடியோவும் அனுப்புகிறது. யாருடையது பிடிக்கிறதோ அவர்களுக்கே முழுத் தொடரும்.

"உன்னால் சிரிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார். கேள்வியைப் பாரு!

எனக்கு இது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன், எனக்கு இது வேண்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

'கொம்பு வீடு' என்று பெயர் வைத்துவிட்டேன். ரமிக்கு அர்த்தம் சொன்னதும் தலையாட்டினார்.

முதல் எபிசோட் முழுவதும் ஒரே காலைச் சாப்பாடு. தகப்பன் ஆடு வேலைக்குக் கிளம்ப வேண்டும், மகனுக்குப் பரீட்சை, தாய் ஆடு திரைச்சீலையைத் தேடுகிறாள் - அதை யாரோ தின்றுவிட்டார்கள். சீஸ், ஆலிவ், கண்ணாடிக் குவளையில் தேநீர், நடுவில் ஒரு செய்தித்தாள். அதையும் தின்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

தகப்பன் ஆடு பத்மநாதன் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கோயில் நாடகங்களில் அவர் குரல் கேட்டிருக்கிறேன். மகன் ஆடு இர்ஷாத். எங்கள் கீழக்கரைப் பையன், தேராவில் மொபைல் கடை. தாய் ஆடு வேறு யார்? நான்தான். ஊர் வாடை எதுவும் வேண்டாம், பொதுத் தமிழில் எழுது என்று ரமி சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 1, சனி

முதல் நோன்பு. ரெக்கார்டிங்கைச் செவ்வாய் மதியத்துக்குப் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் அப்போதுதான் டூட்டி முடிகிறது.

மார்ச் 4, செவ்வாய்

என்னை என்ன செய்தால் தகும்? சாப்பாட்டு எபிசோடை நோன்பு நேரத்தில் வைத்த ஒரே மூளை உலகத்தில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

வழக்கப்படி ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் போய்ப் பேசினோம். வாய் காய்ந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கு 'டக் டக்' என்றது. மெல்லுகிற சத்தத்துக்கு இர்ஷாத் வெறும் வாயை மென்றான். ஈரச் செருப்பு நடப்பதுபோல் இருந்தது. நான் பேசும்போது சவுண்ட் எஞ்சினியர் அருள்ராஜ் நிறுத்தினான். நாகர்கோவில்காரன், முகத்தில் சிரிப்பே காட்டமாட்டான்.

"எக்கா, நடுவுல ஒரு உறுமல் விழுது. அது ஆடா, நீங்களா?"

என் வயிறுதான்.

பத்மநாதன் அங்கிளுக்கு நோன்பு இல்லை. ஒரு பிஸ்கட் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்றால் கேட்கவில்லை. "நீங்கள் எல்லாரும் பசியோடை நிக்கேக்கை நான் மட்டும் எப்பிடிப் பிள்ளை சாப்பிடுறது?" என்றார். அவரும் பட்டினியாகவே பேசினார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்களுக்கு முதலில் பறந்தது நகைச்சுவை.

மார்ச் 6, வியாழன்

அருள்ராஜ் வயிற்றுச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டான். சுத்தமாக இருக்கிறது. அனுப்பிவிட்டோம்.

மார்ச் 10, திங்கள்

துருக்கியிலிருந்து பதில். தொடரின் இயக்குநர் நூர்ஜான் என்ற பெண் எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்.

"இந்த வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

கீழே ரமிக்குத் தனியாக, அடுத்த புதன்வரை இன்னொரு முறை முயலலாம், சென்னைக்காரர்களுடையது இதைவிட நன்றாக இருக்கிறது என்று. ரமி எனக்குச் சூடாகக் காவா, அவர்கள் அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுக்க வந்தார், நான் நோன்பு என்பதையே மறந்து. பிறகு தோளைக் குலுக்கி, போனால் போகிறது, உனக்குப் பாதுகாப்பு வீடியோ நிறைய இருக்கிறது என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. உன்னால் சிரிக்க வைக்க முடியுமா என்று ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டவர் அவர்தானே.

மார்ச் 11, செவ்வாய்

செத்தது வேற யாரும் இல்ல தாயே, நான்தான்.

மார்ச் 12, புதன்

எங்கள் அஜ்மான் வீட்டில் இன்று நோன்பு திறக்க என் நாத்தனார் மச்சியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி, தண்ணீர் குடித்து, முதல் கரண்டிக் கஞ்சி உள்ளே போனதுதான் தாமதம். எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அஸீம் பார்க்கிங் அபராதத்தைச் சொல்கிறார், மச்சி மாமியாரைச் சொல்கிறாள், பிள்ளைகள் வடைக்குச் சண்டை. ஒருத்தரும் ஒருத்தரை முடிக்க விடவில்லை. நான் அஸீமிடம் கேட்டதற்கு மச்சி பதில் சொல்கிறாள், மச்சி கேட்டதற்குப் பிள்ளை. அத்தனை இரைச்சலிலும் எல்லாருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது!

கையில் வடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சப்ரீ, உப்பு கூடிப்போச்சா?" என்றார் அஸீம்.

எழுந்து போய் துருக்கிக்காரர்களின் எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு ஆடுகூட ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்கவில்லை. நாங்களோ ஒவ்வொருவராக அறைக்குள் போய், பேசவேண்டியதை அழகாக முற்றுப்புள்ளிவரை பேசிவிட்டு வெளியே வந்தோம். ஒருத்தர் முடிக்கும்வரை இன்னொருத்தர் மரியாதையாகக் காத்திருக்கிற குடும்பம்! அவள் கேட்டது நியாயம்தான், அது துக்க வீடுதான்.

மார்ச் 13, வியாழன்

எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நோன்பு திறந்த கையோடு, நிஜச் சாப்பாட்டோடு பதிவு செய்யவேண்டும் என்றேன். ரமி நெற்றியில் கை வைத்தார். ஒவ்வொரு குரலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது ஸ்டுடியோவின் விதியாம், சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்பதும் விதியாம். "மாஃபி, சப்ரீனா. மாஃபி!" முடியவே முடியாதாம்.

அருள்ராஜும் பயமுறுத்தினான். "ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்குல போய் விழும்க்கா. அப்புறம் பிரிக்கவே முடியாது. யாராவது ஒரு எடத்துல சொதப்புனா அது அங்கனயே இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

"சரி. பக்கத்து மார்பிள் குடோன்ல கல்லறுக்க மெஷின நோன்பு தொறக்கயிலதான் நிறுத்துவான். அதுக்கு மட்டும் நீங்க சொல்லுற நேரம் நல்ல நேரம்."

ரமியிடம் கடைசியாகச் சொன்னேன், துக்க வீட்டையே மறுபடி அனுப்பினால் எப்படியும் தோற்போம், இதில் தோற்றால் வயிறாவது நிறையும். சிரித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை தருகிறேன், கம்பளத்தில் கறை விழுந்தால் உன் பொறுப்பு, யல்லா, கிளம்பு என்றார்.

மார்ச் 15, சனி

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். பயமும்தான்.

இர்ஷாத் தேராவிலிருந்து ஒரு வாளி கஞ்சி கொண்டுவந்தான். நான் வடையும் ஆட்டுக்கறி சமோசாவும். ஆமாம், ஆடாகப் பேசுவதற்கு ஆட்டுக்கறி. நான் யோசிக்கவே இல்லை. மேசைமேல் துணியை விரித்தால் தட்டுச் சத்தம் வராது என்று அருள்ராஜ் தன் சால்வையை எடுத்துப் போட்டான். மேசையைச் சுற்றி மைக்குகள். சுவர்த் திரையில் ஆட்டுக் குடும்பம் ஓடுகிறது.

பாங்கு. பேரீச்சம்பழம். பக்கத்தில் கல்லறுக்கும் மெஷின் ஓய்ந்தது. அருள்ராஜ் கை காட்டினான்.

முதலில் தாளைப் பார்த்து ஒழுங்காகத்தான் பேசினோம். கஞ்சி உள்ளே போகப் போகப் பொதுத் தமிழ் போன இடம் தெரியவில்லை. அங்கிள் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார், நானும் இர்ஷாத்தும் கீழக்கரைக்கு. நான் திரைச்சீலை எங்கே என்று முடிப்பதற்குள் அவர் குறுக்கே விழுந்தார், அவர் முடிப்பதற்குள் இர்ஷாத். எதுவும் தப்பாக இல்லை. சுவரில் ஆடுகள் எங்களுக்குப் பின்னால் ஓடிவருவதுபோல் இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. தகப்பன் ஆடு வாய் நிறைய வைத்துக்கொண்டு நிற்கும் இடம், அதற்கு வசனம் எதுவும் கிடையாது. அங்கிள் ரெக்கார்டிங் என்பதையே மறந்துவிட்டார். சமோசாவைக் கடித்தபடி கேட்கிறார்:

"நல்லாயிருக்கு. இதுக்குள்ளை என்ன இறைச்சி?"

இர்ஷாத் ஒரு நொடி தயங்கவில்லை. "கேக்காதீங்கப்பா. பேசாம சாப்பிடுங்க."

நான் சிரித்துவிட்டேன். தாய் ஆடும் சேர்ந்து சிரிக்கிறாள், வேறு வழி? நிறுத்தாமல் கடைசிவரை பேசி முடித்தோம். அருள்ராஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை மேசைமேல் கவிழ்த்துக் கிடந்தான், தோள் மட்டும் குலுங்கியது.

அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பதிவிலிருந்து சமோசாப் பேச்சை எடுக்க முடியவில்லை. அதை வெட்டினால் பின்னால் வரும் என் குரலும் போகிறது. இன்னொரு முறை எல்லாரையும் கூட்டவும் முடியாது, இர்ஷாத்தால் கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. ரமிக்குச் சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன். யா அல்லாஹ்.

மார்ச் 19, புதன்

வீடியோ காலில் நூர்ஜான். நரைத்த குட்டை முடி, பெரிய கண்ணாடி. அவளோடு அவர்கள் ஆட்கள் நாலைந்து பேர். எங்கள் எபிசோடைப் போட்டார்கள். ஒரு சொல் தமிழ் தெரியாது, ஆனால் தங்கள் மொழியில் எங்கே சிரிப்பார்களோ அங்கேயெல்லாம் சிரித்தார்கள்.

முடிந்ததும் அவள் கேட்டாள். "வாய் நிறைய இருக்கும்போது தகப்பன் ஏதோ சொல்கிறான். எங்கள் ஸ்கிரிப்டில் அங்கே எதுவும் இல்லை. அது என்ன?"

ரமி என்னைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு, இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்லிவிட்டேன். நோன்பு, மேசை, ஆட்டுக்கறி சமோசா, எல்லாவற்றையும்.

நூர்ஜான் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நாற்காலி பின்னால் சாய்ந்து ஒருவர் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் துருக்கி மொழியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தரும் ஒருத்தரை முடிக்க விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எங்களுக்கே! முழுத் தொடரும் எங்களுக்கே!

அங்கிளுக்கு போன் செய்தேன். "மெய்யாவோ பிள்ளை? மெய்யாவோ?" என்றார். பிறகு போனை வைக்காமலே மனைவியைக் கூப்பிட்டு என்னவோ கத்தினார், அந்த அம்மாவும் கத்தினார்கள். இர்ஷாத் கடையில் வந்த வாடிக்கையாளருக்கெல்லாம் ஸ்க்ரீன் கார்டு இலவசமாக ஒட்டிக் கொடுத்தானாம். நான் காருக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஜெயித்தால் அழக்கூடாது என்று யார் சொன்னது?

மார்ச் 30, ஞாயிறு

பெருநாள். ரமி வாழ்த்தோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஸ்டுடியோவுக்குப் பெரிய வட்ட மேசை வாங்கிவிட்டார். தொடரின் மலையாள, உருதுக் குரல்களையும் இனி மேசையில்தான் பதிவு செய்யவேண்டும் என்று நூர்ஜான் எழுதியிருக்கிறாளாம். "சப்ரீனா முறை" என்று போட்டிருக்கிறாளாம். அஸீமிடம் காட்டினேன். "வீட்டுல தெனமும் நடக்குறதுக்கு இப்பத்தான் பேரு வச்சிருக்காங்களாக்கும்" என்கிறார். அவருக்குப் பொறாமை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொடர் டிவியில் வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பாராட்டு, திட்டு இரண்டும் வருகின்றன. ஆட்டுக்கு எந்த ஊர் என்று கேட்டு ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ரமி படிக்கச் சொன்னார், நான் படிக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் பில்டிங் லிஃப்டில் ஓர் அம்மாவும் ஏழெட்டு வயதுப் பெண்ணும். புதிதாகக் குடிவந்தவர்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் போலிருக்கிறது. அம்மா கையில் சாமான் பை. "கண்ணு, அந்தச் சாக்லேட்டை நீதான தின்னே?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அச்சு அசல் பத்மநாதன் அங்கிள் குரலில், "நான் பில்லைத் தின்னேல்லை, கவரை மட்டுந்தான் திண்டனான்!" என்றாள். போன வார எபிசோடில் கரண்ட் பில்லைத் தின்றுவிட்டுத் தகப்பன் ஆடு சொல்வது.

"பாருங்க, டிவியப் பாத்துப் பாத்து இங்கிலீஷும் போச்சு, நம்ம ஊருப் பேச்சும் போச்சு" என்றார் அம்மா என்னிடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"கவருக்குள்ள பில்லு இருந்துச்சா இல்லையா?" என்றேன், தாய் ஆட்டின் குரலில்.

அம்மாவின் கையிலிருந்த பை கீழே போயிற்று. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியமெல்லாம் ஒரு நொடிதான். நான் அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் குறுக்கே விழுந்தாள். அவள் முடிப்பதற்குள் நான் விழுந்தேன். எங்கள் வீடு இருக்கும் நான்காவது மாடியில் கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை.