குள்ளன் குண்டனான டிவி

நவம்பர் 3, 2009. செவ்வாய்.

காலையிலிருந்து தூறல். நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் போட்ட குப்பை இன்னும் அள்ளவில்லை. வேங்கிக்கால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, ஆபீசுக்குப் பத்து நிமிடம் லேட். கலெக்டர் ஆபீசில் கார்த்திகை தீப வேலை ஆரம்பித்தாயிற்று. தபால் பிரிவில் என் மேஜை மேல் ஒரே மனு. எல்லாம் தீபத்துக்குப் பாஸ் கேட்டு. ஊரில் பாஸ் கேட்காத ஆள் நான் ஒருத்திதான் போல.

மாலை தம்பி பிரபு போன் செய்தான். (இனி பி. என்றே எழுதுகிறேன், கை வலி.) விசா வந்துவிட்டதாம். அவனும் அவன் மனைவி சுதாவும் 22 இரவு அமெரிக்கா போகிறார்கள். மூன்று வருடம்.

"தீபத்துக்கு இருந்துட்டுப் போயேன்டா."

"டிக்கெட் போட்டுட்டாங்கக்கா. சனிக்கிழம சாயந்திரம் அங்க வந்துடுவோம். ஞாயித்துக்கிழம மத்தியானம் அப்படியே ஏர்போர்ட்."

"ஒரு ராத்திரிதானா?"

"ம். டிவி நல்லா இருக்கா?"

நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பதற்கு முன் டிவியைக் கேட்பான். அவன் வாங்கிக் கொடுத்தது. பொங்கலுக்கு வந்து, ஆள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

வாங்க வேண்டியவை: கொத்துமல்லி விதை, இரண்டு கிலோ புளி (அங்கே கிடைக்காதாமே), புதுத் தலையணை உறை, கொசுவத்தி.

இன்னொன்றும் வேண்டும். அவன் போவதற்குள் அவனோடு ஒரே ஒரு ஆட்டம். கடையில் கிடைக்காது.


நவம்பர் 6. வெள்ளி.

மழை இல்லை. புழுக்கம்.

ஆறரைக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடினேன். முப்பத்தாறு வயதில் டிவி கேம் ஆடுகிறாள் என்று தெரு சிரிக்கும். சிரிக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் திரை.

பி.க்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை. ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தான். அப்போது அம்மா வாங்கிக் கொடுத்த கேம் இது. ஒரே கேசட். ஒரு குள்ளன் ஓடுவான், பள்ளம் தாண்டுவான், பழம் பொறுக்குவான். எனக்கு அப்போது பத்தொன்பது. டைப்ரைட்டிங் கிளாஸ் விட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்தால் அம்மா கரண்டியோடு வந்து நிற்கும் வரை எழுந்திருக்க மாட்டோம். அம்மா போய் நான்கு வருடம். கேசட் இன்னும் ஓடுகிறது. ஊதிச் செருக வேண்டும், அவ்வளவுதான்.

தகராறு புது டிவியோடுதான். பழைய டிவி பெட்டி மாதிரி இருக்கும், ஆட்டமும் அதற்கென்றே போட்ட படம். இது அகல டிவி. ‘ஃபுல்’ என்று வைத்தால் படத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிடுகிறது. குள்ளன் குண்டனாகிவிட்டான். ஆகாயத்து நிலா தட்டிப் போட்ட வடை. பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘ஸூம்’ வைத்தால் மேலே எத்தனை உயிர் மிச்சம் என்று காட்டும் வரியே வெட்டுப்பட்டுப் போகிறது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் ரிமோட்டோடு மல்லுக்கட்டி, 4:3 என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். படம் பழைய அளவுக்கே நடுவில் நிற்கும். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை. குள்ளன் குள்ளனாகவே இருப்பான். அன்றிலிருந்து அதுதான்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்பிகா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புது டிவி, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் போயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்கம் சொன்னால் எதை ஆடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும்.


நவம்பர் 8. ஞாயிறு.

காலையில் பி. போன். எத்தனை கிலோ லக்கேஜ், எது உள்ளே, எது வெளியே என்று அரை மணி. நடுவில் நான் வாய் தவறி அந்தக் கருப்புப் பட்டையைச் சொல்லித் தொலைத்தேன்.

"முப்பத்திரண்டு இன்ச் வாங்கிக் குடுத்தா அதுல பொட்டி மாதிரி சின்னதாவா பாக்கற?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் குரல் இறங்கிவிட்டது. முதல் போனஸில் வாங்கியது. கடையில் நான் சின்னதைக் காட்டியபோது, "உனக்குப் போய் சின்னதாக்கா?" என்று கேட்டான். நான் ஒரு முட்டாள்.

முடிவு: அவன் வரும்போது ‘ஃபுல்’. அதிலேயே பழகிவிட வேண்டும். இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

இரண்டு பேர் ஆட்டத்தில் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் முறை. நான் அப்போதே நன்றாக ஆடுவேன். ஐந்தாவது கட்டத்து ஐஸ் பாலம் வரை போய்விடுவேன். பி. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். ஒரு தரம் அழுதே விட்டான். அதற்குப் பிறகு பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நானே போய்ப் பள்ளத்தில் விழுவேன், "ஐயோ போச்சே" என்று நடிப்பு வேறு. அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.


நவம்பர் 12. வியாழன்.

நல்ல மழை. செருப்பு அறுந்தது.

‘ஃபுல்’லில் நான்காம் நாள். செத்த கணக்கு:
முதல் பள்ளம், ஐந்து தடவை.
இரண்டாவது, தெரியவில்லை, எண்ணுவதை விட்டுவிட்டேன்.
பழத்துக்கு எம்பித் தலையில் இடித்துக்கொண்டு விழுந்தது இரண்டு.

கைக்குத் தெரிந்த தூரம் கண்ணுக்குத் தெரியவில்லை. கை குள்ளனுக்கு ஆடுகிறது, கண் குண்டனைப் பார்க்கிறது. எரிச்சலில் கேசட்டைத் திட்டினேன். இன்று நான் வாய்விட்டுப் பேசியது கண்டக்டரிடம் "வேங்கிக்கால் ஒன்னு", அப்புறம் இந்தத் திட்டு.

ரசம் ஒரு ஆளுக்கு வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. மிச்சம்.


நவம்பர் 16. திங்கள்.

சூப்பிரண்டு கூப்பிட்டார். "மேடம், இருபத்திரண்டு ஞாயிறு தீப மீட்டிங். நீங்கதான் வரணும், மத்தவங்களுக்கு எல்லாம் குடும்பம் இருக்கு."

"எனக்கும் தம்பி இருக்கான் சார். அன்னிக்கு வரமாட்டேன்."

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். பதினோரு வருட சர்வீசில் முதல் ‘மாட்டேன்’. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எத்தனை தீபாவளியை மிச்சம் பிடித்திருப்பேன்.


நவம்பர் 20. வெள்ளி.

வெயில் எட்டிப் பார்த்தது. மெத்தை காயப் போட்டேன். புளி கட்டியாயிற்று. ‘ஃபுல்’லில் இரண்டாவது கட்டம் தாண்டினேன், ஒரே தடவை. பரவாயில்லை. நான் சீக்கிரம் செத்தால் அவனுக்கு நிறைய முறை வரும். நல்லதுதான்.

அவனுக்கு ஞாபகம் இருக்குமா? அசடு மாதிரி நான் கேசட்டை நீட்டி, அவன் "இன்னுமா இத வெச்சிருக்க" என்று கேட்டுவிட்டால்? கேட்கட்டும். கேட்டால் உள்ளே எடுத்து வைத்துவிடலாம்.


நவம்பர் 22. ஞாயிறு. மாலை.

போய்விட்டார்கள். வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

நேற்று வரும்போதே ஒன்பது மணி. சாப்பிட்டதும் இரண்டு பேருக்கும் கண் சொருகியது. ஆட்டம் இல்லை. இன்று காலை சுதா டிரைவரோடு காரில் கோயிலுக்குக் கிளம்பினாள். பி. மட்டும், "நீ போய்ட்டு வா, நான் அக்காகூட இருக்கேன்" என்றான். அந்த வார்த்தைக்கே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

கேசட்டை எடுத்தேன். "ஏய், குள்ளன்!" என்று பிடுங்கி அவனே ஊதினான். டிவியை முன்பே ‘ஃபுல்’லில் வைத்திருந்தேன். குண்டன் வந்து நின்றான்.

முதலில் நான். முதல் பள்ளத்திலேயே காலி. அவன் ஆடினான், அவனும் விழுந்தான். மறுபடி நான். அதே பள்ளம். மூன்றாவது தடவையும் நான் விழுந்ததும் பி. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னுமா வேணும்னே சாவற?"

நான் அவன் பக்கம் திரும்பினேன். "இன்னாடா சொல்ற?"

"சின்ன வயசுல இதானே பண்ணுவ. நல்லா ஆடிக்கினே இருப்ப, திடீர்னு போய் விழுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நீ அழுதியேடா, உன் சான்ஸ் வரலன்னு."

"ஒரு தடவ அழுதேன். அதுக்கப்புறம் எனக்கு ஆடவே புடிக்கலக்கா. நான் ஆடினா ரெண்டாவது கட்டம் தாண்ட மாட்டேன். நீ ஆடினாதான் ஐஸ் பாலம் வரும். அதுக்கு அப்புறம் இன்னா இருக்குன்னு பாக்கத்தான் உக்காந்துக்கினு இருப்பேன். கரெக்டா அங்க வந்து செத்துடுவ. கோவம் கோவமா வரும்."

"அடப்பாவி, வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? விட்டுக் குடுத்துட்டேன்னு மூஞ்சி அவ்ளோ பெருமையா இருக்கும் உனக்கு."

பதினேழு வருடமாக நான் அவனுக்குச் செய்ததாக நினைத்த ஒன்று. அவனும் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறான். சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன், அவன் பார்த்தான்.

"ஆனா இன்னிக்கு நெஜமாத்தான்டா செத்தேன். உன் டிவியாலதான். இழுத்து வெச்சா எனக்குப் பள்ளமே தெரியல."

"அப்ப மாத்தித் தொலையேன்!"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"பாத்தியா, மறுபடியும் ஆரம்பிச்சுட்ட!"

4:3 போட்டேன். இரண்டு பக்கமும் கருப்பு வந்து படம் ஒடுங்கியது. குள்ளன் சரியாகிவிட்டான். பி. தன் ஜாய்ஸ்டிக்கைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். நான் ஆடினேன். எவ்வளவு நன்றாக ஆடினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐஸ் பாலம் வந்தபோது அவன் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். தாண்டினேன். ஆறாவதில் நெருப்புக் குழி. "செம!" என்று என் தோளில் அடித்தான். தோள் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்த்து எத்தனை காலம்!

பன்னிரண்டுக்கு வாசலில் ஹார்ன். சுதா உள்ளே வந்தாள். "என்னங்க, கிளம்பலாமா? டிராபிக் ஜாஸ்தியாயிடும்."

"ஒரே நிமிஷம்."

ஏழாவது கட்டம். உயிர் ஒன்றுதான் மிச்சம். சுதா பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்தாள். டிரைவர் எட்டிப் பார்த்தார். பி. ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்தபடி டிவிக்கு முன்னால் நின்றான். "நீ சாவற வரைக்கும் நான் நகர மாட்டேன்க்கா." சுதா வாட்சைப் பார்த்தாள். அவள் அம்மா அப்பா வேறு ஏர்போர்ட்டில் காத்திருப்பார்கள்.

ஏழாவதில் இரண்டு பலகை சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் பலகையில் ஏறினேன். இரண்டாவதுக்கு ஒரு நொடி தாமதித்து எம்பினேன். விழுந்தான் குள்ளன்.

"அய்யய்யோ! அவ்ளோதானா!" பி. தலையில் அடித்துக்கொண்டான். இந்தத் தடவை அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஷூவையும் மாட்டினான். புளி மூட்டையை எடுத்துக்கொண்டான். போய்விட்டான்.

சோறு நிறைய மிச்சம்.


நவம்பர் 25. புதன்.

ஆபீசில் பந்தோபஸ்து லிஸ்ட், பாஸ், கத்தல். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தலையணை உறையைத் துவைக்க எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன். ஆடவில்லை.


நவம்பர் 29. ஞாயிறு.

மூடிய வானம். காலை எட்டு மணிக்குப் போன். நீளமாக ஏதோ நம்பர். பி.!

குளிராம். வீடு கிடைத்துவிட்டதாம். புளியை ஏர்போர்ட்டில் பிரித்துப் பார்த்தார்களாம். காசு ஓடுகிறதே என்று நான் வைக்கப் போனேன்.

"அக்கா, அந்தப் பலகைக்கு அப்புறம் இன்னா வரும்?"

அதற்கு அப்புறம் எட்டாவது கட்டம் வரும். ஒரு பாலைவனம், சுலபம்தான். அதை முடித்தால் ஒன்றுமே இல்லை. பெட்டி இல்லை, ராஜா இல்லை, வாழ்த்துகூட இல்லை. குள்ளன் திரும்ப முதல் கட்டத்திலேயே வந்து நிற்பான். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

"தெரியலடா," என்றேன். "நானும் அதத் தாண்டினதில்ல."

"அப்ப நான் வர்ற வரைக்கும் தாண்டாத. சேந்து பாக்கலாம்."

"சரி."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்டா."

அவன் வருவதற்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.

ஆறரைக்குத் திரையை இழுத்துவிட்டு ஆடினேன். ஏழாவதில் முதல் பலகையில் ஏறி நின்றுகொண்டு, அணைத்துவிட்டேன்.