அப்பா மூடிய இடது கண்

பழவங்காடி, ஞாயிறு

அன்பு மகன் செல்வகணேஷுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பா போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

மக்கா, முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்த அன்றைக்கே யூடியூபில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து, ரத்தம் எவ்வளவு, நினைவு எவ்வளவு, வயது எவ்வளவு என்று டாக்டர்கள் போடுகிற மார்க்கை ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து நானே போட்டேன். மூன்று வந்தது. மூன்று வந்தால் பத்தில் ஏழு பேர் ஒரு மாதம் தாண்ட மாட்டார்களாம். அதை நம்பித்தான், இருக்கிற பத்து நாள் லீவையும் எடுத்துக்கொண்டு வா, முகமாவது பார் என்று உனக்கு வாய்ஸ் அனுப்பினேன். ஹரிகுமார் டாக்டரிடம் அந்த மார்க்கைப் பெருமையாகக் காட்டினால், அது ஆயிரம் பேரைப் பாத்துப் போட்ட கணக்காக்கும் சேச்சி, உங்க வீட்டுக்காரரை அதுக்குத் தெரியாது கேட்டோ என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. வியாழக்கிழமை நர்ஸ் ஷிஜி, அப்பாவின் இடது கண் அடிக்கடி மூடிக்கொள்கிறது, மறுபடி கசிவோ என்று பயந்து இன்னொரு ஸ்கேனுக்குக் கொண்டுபோனாள். புதிதாக ஒன்றும் இல்லை, யாருக்கும் பிடிபடவும் இல்லை. சாயங்காலம் ஐ.சி.யூ.வுக்குள்ளே விட்ட பத்து நிமிடத்தில் அவர் பார்க்கிற பக்கமே நானும் பார்த்தேன். எதிர்ச் சுவரில் டைல்ஸ். இருபது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிற மனுஷன், ஒற்றைக் கண்ணை மூடித்தானே வரி நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று காதில் கேட்டேன். நாக்கு குழற, ஏட்டி மூணாவது வரி சாஞ்சி கெடக்கு என்றார். ஒன்பது நாளில் முதல் பேச்சு. ஷிஜி போய் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மூணு வர்ஷமா இங்க நிக்கேன், இத நான் கண்டதே இல்ல சேச்சி என்று சிரித்தாள்.

உயிருக்கு இனிப் பயம் வேண்டாம் என்கிறார் டாக்டர். வலது கையும் காலும் மட்டும் போட்டது போட்டபடி கிடக்கிறது. கரண்டி பிடிப்பாரா, நடப்பாரா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம். நான் இனி மார்க் போட மாட்டேன். யோசித்துத்தான் எழுதுகிறேன், நீ வர எடுத்த செவ்வாய்க்கிழமை டிக்கெட்டை மாற்றித் தள்ளிப் போடு. அந்தப் பத்து நாளை எடுத்து வை. அப்பா வீட்டுக்கு வந்து எழுந்து நிற்கப் பழகும்போது இன்னொரு பக்கம் தாங்க ஆள் வேண்டும், என் ஒருத்தியால் முடியாது. நீ வருவாய் என்று உன் பாயை வெயிலில் போட்டு எடுத்திருந்தேன், பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இரண்டு பஸ் போகிற வரைக்கும் சும்மா நிற்கிறேன். அங்கே கூட்டம் இருக்கிறது, வீட்டில் நான் மட்டும்தான். அப்பா பிரஷர் மாத்திரையை விட்டதுபோல நீயும் அசட்டையாக இருந்துவிடாதே, உனக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்.

பிள்ளையார் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். டிக்கெட் மாற்றியதும் மெசேஜ் போடு. கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
இசக்கிசெல்வி