தேறாது என்று சொன்ன வாய்க்கு

மாமா,

உங்கள் ஸ்டெதஸ்கோப்பை உங்கள் மகன் எனக்குப் பார்சலில் அனுப்பியிருந்தான். மஞ்சள் துணியில் சுற்றி, உள்ளே ஒரு சீட்டு: 'அப்பா இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.' துணியைப் பிரித்ததும் பழைய ரப்பர் வாடையும் டிஞ்சர் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. ராமநாதபுரம் கடைத்தெருவில் உங்கள் அறைக்குள் நுழைந்தால் வரும் அதே வாடை.  பிறகு அதே துணியில் சுற்றி, அன்றைக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் மகன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்களிடம் நான் எதிர்பார்த்தது அது இல்லை, அவ்வளவுதான்.

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்பார்கள். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் காயம் கட்டுவதில் கெட்டிக்காரர். சண்டைக்காலத்தில் பர்மாப் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் அந்த வேலைதான் பார்த்தீர்கள். என்னைப் பெற்ற அய்யாவின் பாதத்தில் மண்வெட்டி இறங்கியபோது, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று எல்லாரும் பயந்தபோது, நீங்கள்தான் தையல் போட்டுக் காப்பாற்றினீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மாவுக்கு நீங்கள் கூடப்பிறந்த ஒரே அண்ணன். "எங்கண்ணன் டாக்டரு" என்று அவள் சொல்லும்போது திருப்புல்லாணிப் பக்கத்து எங்கள் ஊரே கேட்க வேண்டும் என்கிற மாதிரி சொல்வாள்.

அந்த நம்பிக்கையில்தான் என் தங்கச்சி பாக்கியத்தை உங்களிடம் கூட்டி வந்தோம்.

சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம். பாக்கியத்துக்கு ஆறு வயது, எனக்குப் பதினைந்து. கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச்சு வந்திருந்தது, ஆனால் அடுத்தவர் சொன்னதை அப்படியே, அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லும் பேச்சு. மிளகாய் காயும் களத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, வத்தல் எல்லாவற்றையும் காம்பு ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்குவாள். யாராவது கலைத்துவிட்டால் தலையைத் தரையில் மோதிக்கொள்வாள். சில நாள் யாரிடமும் சொல்லாமல் கண்மாய்ப் பக்கம் நடந்துவிடுவாள்.

நீங்கள் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தீர்கள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டீர்கள். கண்ணை இழுத்துப் பார்த்தீர்கள். "ஒம் பேரு என்ன?" என்று இரண்டு தரம் கேட்டீர்கள். அவளும் "ஒம் பேரு என்ன?" என்றாள். அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கவில்லை. வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிடும் முன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்:

"தேறாது. கட்டிப் போட்டு வளங்க."

அம்மா, "என்னண்ணே இப்படிச் சொல்றீக?" என்றாள்.

"புத்தி இல்லாத பிள்ள. கண்மாயில விழுந்து சாகாம இருக்கணும்னா கட்டித்தான் போடணும். மூத்தவ இருக்காள்ல. அவள எம் மகனுக்கு நான் எடுத்துக்கிறேன். நீ இத நெனச்சு மருகாத."

ஒரே மூச்சில் தங்கச்சிக்குத் தீர்ப்பும் அக்காவுக்குச் சம்பந்தமும் பேசி முடித்துவிட்டீர்கள்.

மறுநாள் அய்யா கயிறு கொண்டுவந்தார். கட்டாமல் அம்மாவிடம் நீட்டினார். அம்மாதான் வாங்கி, பாக்கியத்தின் வலது காலில் துணியைச் சுற்றி, அதன் மேல் கயிற்றை முடிந்து, மறு முனையை வீட்டுத் தூணில் கட்டினாள். அன்று மத்தியானம் சோறு ஊட்டும்போது பாக்கியம் முதல்முறையாக அதைச் சொன்னாள். தொண்டையைச் செருமி, உங்கள் கட்டைக் குரலில், "தேறாது. கட்டிப் போட்டு வளங்க." அம்மாவின் கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் சொன்னாள், மாமா. சோறு போடும்போது, தலை சீவும்போது, மழை பெய்யும்போது. நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் குரல் வருஷம் பூராவும் அங்கேயே இருந்தது.

உங்கள் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்னபோது எல்லாரும் காரணம் கேட்டார்கள். நல்ல பையன், முறை மாப்பிள்ளை, வசதியான வீடு.  உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து உங்களுக்கு மோர் ஊற்றும் கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். மதுரையில் நர்ஸ் படிப்புக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அய்யாவின் காலில் விழுந்து அனுமதி வாங்கிப் போனேன். சேவை செய்ய ஆசைப்பட்டு நான் போகவில்லை. உங்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு வந்து உங்கள் முன்னால் நிற்கப் போனேன்.

நர்ஸ் படிப்பில் அது கிடைக்கவில்லை. காயமும் காய்ச்சலும் பிரசவமும் கற்றுக்கொடுத்தார்கள். பாக்கியத்தைப் போன்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. சில வருஷம் வேலை பார்த்த பிறகு, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது, நர்சுகளுக்கும் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்தது. எழுதிப் போட்டுப் போட்டு, மூன்றாவது முறை இடம் கிடைத்தது.

அங்கே முதல் ஆறு மாதம் எங்களைக் குறிப்பு எழுத விடவில்லை. பார்க்க மட்டும்தான் வேண்டும். பிள்ளை சாப்பிடும்போது, விளையாடும்போது, தாயோடு இருக்கும்போது, தனியே இருக்கும்போது. முதலில் காது. காது கேட்கிறது என்று உறுதியான பிறகுதான் மற்றது. தாயிடம் கர்ப்பகாலத்திலிருந்து விசாரிக்க வேண்டும், அவசரப்படாமல். டாக்டர் ஒரு பக்கம், பேச்சைப் பார்க்கிறவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து வாதாட வேண்டும். மூன்று பேரும் ஒத்துப்போனால்தான் ஒரு பெயர் எழுதலாம். அந்தப் பெயரை அங்கேதான் கேட்டேன். ஆட்டிசம். வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு எங்கள் டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, "இதப் பத்தி நமக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்றும் சொன்னார். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் உங்கள் ஸ்டூலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். பாக்கியத்துக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. கயிறு கட்டியிருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்துத் தடித்துப் போயிருந்தது. அவிழ்த்து, மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். மூன்று வாரம் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது. படம் காட்டிச் சொன்னால் புரிந்துகொண்டாள். ஒரு வேலையை ஒரே வரிசையில், தினமும் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுத்தால் செய்தாள். ஆறு மாதத்தில் தானே குளித்து, தானே உடுத்தி, பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பதினோரு வருஷத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

அதனால்தான் சந்தை நாளாகப் பார்த்து அவளை உங்களிடம் கூட்டி வந்தேன். கூட்டம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"வா தாயி, எப்ப வந்த? இங்கன உக்காரு" என்றீர்கள்.

"பாக்கியத்தப் பாருங்க மாமா."

"இவளையா? இவள என்னத்தப் பாக்க?"

"அன்னைக்குப் பாத்தீகளே, அதே மாதிரி பாருங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டு குழாயை எடுத்து அவள் பக்கம் குனிந்தீர்கள். பாக்கியம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினாள். "தேறாது. கட்டிப் போட்டு வளங்க."

வாசலில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "ஆத்தி, டாக்டரு கொரலு மாதிரியே இருக்கு!" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உங்கள் முகம் வெளிறியது. அதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு வருஷத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"எத்தன நிமிசம் பாத்தீக அன்னைக்கு? என்ன படிச்சிட்டுப் பாத்தீக?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? காயத்தக் கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்."

"அதத்தான் கேக்குறேன். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நீங்கள் கூட்டத்தைப் பார்த்தீர்கள். பிறகு தாழ்ந்த குரலில், "டாக்டருன்னு நம்பி வந்து நிக்கிறாக. தெரியாதுன்னு சொன்னா நாளைக்கு எவன் வருவான்?" என்றீர்கள்.

 பாக்கியத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அம்மா என்னை ஏசினாள். "எங்கண்ணன ஊருக்கு முன்னால தலகுனிய வச்சிட்டியே! அவரு தெரியாமச் சொன்னாரு. தெரிஞ்சு கட்டுனது நானு. இந்தக் கைதான முடிஞ்சது?" என்று இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் சொல்லிவிட்டு மறந்துபோன சொல்லை அவள் தன் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்த வருஷம், பயிற்சி முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்த மதுரை ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடிப் பாம்பனிலிருந்து ஒரு மீன்காரத் தம்பதி வந்தார்கள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. கையில் ஒரு சீட்டு, உங்கள் எழுத்து: 'எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.' நான்கைந்து தரம் படித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அந்தக் குழந்தைக்குக் காதுதான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அப்படிச் சீட்டோடு ஆள்கள் வந்தார்கள், கீழக்கரையிலிருந்து, ராமேஸ்வரத்திலிருந்து. வேறு யாராவது என்றால் இதோடு உங்களை மன்னித்திருப்பார்கள்.

ஆனால் மாமா, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த அந்தச் சொல்லை உங்கள் தங்கச்சியிடம் வந்து நீங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரம். 'எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன், ஓம் மேல தப்பில்ல' என்றால் போதும். அவள் அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள்.

போன சித்திரையில் அம்மா போனபோது பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தீர்கள். கால்மாட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். இப்போதாவது சொல்வீர்கள், காதில் விழாவிட்டாலும் சொல்வீர்கள் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடியைப் போர்த்தினீர்கள். துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், உங்கள் சாவுக்கு வருவதில்லை என்று. வரவும் இல்லை.

பாக்கியம் இப்போது என்னோடு மதுரையில் இருக்கிறாள். அய்யா மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். எனக்கு வேலை, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. அவர்களிடம் நான் ரொம்பக் கடுமை என்று பேர். உண்மைதான். போன வாரம் ஒரு இளம் டாக்டர், ஒரு பையனைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தார். பேனாவைக் கையிலிருந்து பிடுங்கினேன்.

"சிஸ்டர், நான் எம்.பி.பி.எஸ்." என்றார்.

"இதுக்கு அது பத்தாது. வாய மூடிக்கிட்டு அங்கன உக்காந்து பிள்ளையப் பாருங்க" என்றேன். எனக்கே பயமாக இருந்தது, அந்தக் குரலில் இருந்த வெறுப்பைக் கேட்டு. அது அவர்மேல் உள்ளது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று நாள் உட்கார்ந்தார். நான்காம் நாள் பேனாவை நானே கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன் சிஸ்டர். எனக்குப் பிடிபடல" என்றார்.

அவரை விட்டுவிட்டேன், மாமா. உங்களை விடவில்லை.