என் காரில் எனக்குப் பின் சீட்டு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம், காரும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் நீ கேட்டபோது காரை நான்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னது புளுகு. ஓட்டுவது உன் சின்ன மாமா, என் அருமை மச்சினன். நான் பின் சீட்டில் காய்கறிப் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பையாக உட்கார்ந்து வருகிறேன். சிரிக்காதே. போன வருஷம் மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்தில் குடித்துவிட்டு ஓட்டி, போலீஸ்காரர் நீட்டிய குழாயில் ஊதினேனே, கோர்ட்டில் அபராதமும் கட்டியாயிற்று, பிடுங்கிய லைசென்ஸும் திரும்பி வந்துவிட்டது, கதை முடிந்தது என்று இருந்தேன். இன்சூரன்ஸ்காரர் மறக்கவில்லை. ஓட்டுகிறவர் என்று என் பெயர் இருந்தால் மூன்று மடங்கு கட்டவேண்டுமாம், இன்னும் சில வருஷத்துக்கு இந்த கேஸ் உங்க கூடவே வரும் சார் என்றார். உன் அம்மா யோசிக்கக்கூட இல்லை, இவரைத் தூக்கிட்டு என் தம்பியைப் போடுங்க என்றாள், ஃபியூஸ் போன பல்பைச் சொல்கிற மாதிரி. இப்போது நான் ஸ்டியரிங்கைத் தொட்டு ஏதாவது ஆனால் ஒரு பைசா வராது.

உன் மாமா என் சீட்டை முன்னால் இழுத்து, தலையணை போட்டு, கண்ணாடியைத் தன் மூஞ்சிக்குத் திருப்பி வைத்திருக்கிறான். அத்தான், பெல்ட் போட்டீங்களா என்று என்னையே கேட்கிறான். நான் ஓட்டினால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருகிற உன் அம்மா, தம்பி ஓட்டுனா அலுங்காம இருக்கு என்று சொல்லி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எனக்கு வயிறு எரிகிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்வேன், நீ வருகிற அன்று ஏர்போர்ட்டில் அவன் ராஜா மாதிரி காரை நிறுத்த, நான் பின்னாலிருந்து கையாட்டுவதை மட்டும் பொறுக்க மாட்டேன். அதனால் பட்டறை வேலையைப் போட்டுவிட்டு உன் அம்மாவை ஓட்டப் பழக்கி, லைசென்ஸும் வாங்க வைத்து, அவள் பெயரையும் இன்சூரன்ஸில் சேர்த்துவிட்டேன். அவள் ஓட்ட, பக்கத்தில் நான். மச்சினன் வீட்டில் இருக்கட்டும்.

நீயும் அங்கே விருந்தில் ஒரு வாய் குடித்தாலும் சாவியைத் தொடாதே, டாக்சியில் போ. விமானம் வரும் நேரத்தை எனக்கு மட்டும் சொல், மாமாவுக்குச் சொல்லாதே. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
முன் சீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் உன் அப்பா

கவரை ஒட்டும் முன் நடந்தது: அம்மா காரைப் பின்னால் எடுத்தாள். வா வா, இடம் இருக்கு என்று கை காட்டியது நான். மாமாவின் ஸ்கூட்டர் அடியில் போய்விட்டது. காரும் நகரவில்லை. ஏர்போர்ட்டுக்கு மூன்று பேரும் பஸ்ஸில் வருகிறோம். ஜன்னல் ஓரம் மாமாவுக்கு.